ஆங்கிலத்தில் கோபப்படும் முன்: ஓர் ஆசிரியரின் பிழைதிருத்தம்

கடந்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த நேரம், உயர்தரத்தில் என்னிடம் ஆங்கிலம் படித்த பழைய மாணவர் ஒருவர் வட்ஸ்அப்பில் இரண்டு ஸ்கிரீன்ஷொட்களை அனுப்பியிருந்தார். துறைமுகத்திலிருந்து இறக்குமதிச் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் கொழும்பு நிறுவனமொன்றில் அவர் வேலை செய்கிறார். கெட்டிக்காரப் பிள்ளை. வகுப்பில் முன் வரிசையில் இருந்து, நான் கரும்பலகையில் எழுதும் ஒவ்வொரு சொல்லையும் கொப்பியில் இறக்கியவர்.

முதலாவது ஸ்கிரீன்ஷொட், அவர் தனது மேலாளருக்கு எழுதிய மின்னஞ்சல். இரண்டாவது, அந்த மின்னஞ்சலுக்காக நிறுவனம் அவருக்குக் கொடுத்த எழுத்துமூலக் கண்டனம்.

நடந்தது இதுதான். ஒரு கொள்கலன் துறைமுகத்தில் இலவச நாட்களைத் தாண்டிக் கிடந்ததால், 'டெமரேஜ்' எனப்படும் தாமதக் கட்டணம் ஏறிவிட்டது. பத்திரங்களை நேரத்துக்கு அனுப்பவில்லை என்று மேலாளர் இவரைக் குற்றம் சாட்டி எழுதினார். உண்மையில் இவர் இரண்டு நாட்களுக்கு முன்னரே அனுப்பியிருந்தார். எனவே கோபம் வந்தது நியாயம். ஆனால் பதிலில் இருந்த மூன்று வசனங்களில் மூன்று சொற்களைப் போட்டிருந்தார். குற்றச்சாட்டை 'ரிஃபியூட்' பண்ணுகிறேன் என்றார். மேலாளரின் மின்னஞ்சல் 'கண்டெம்ப்டிபிள்' என்றார். இந்த நடத்தையை 'டினவுன்ஸ்' பண்ணுகிறேன் என்று முடித்து, தலைமை அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போட்டிருந்தார்.

அதன் பிறகு டெமரேஜ் பற்றி யாரும் பேசவில்லை. விசாரணை முழுவதும் அந்த மூன்று சொற்களைப் பற்றியதாக மாறிவிட்டது.

நான் அழைப்பெடுத்து, "மேலாளரோட அவ்வளவு பகையா?" என்று கேட்டேன். "இல்ல சேர், பகையெல்லாம் இல்ல. மனவருத்தம்தான். நான் மறுக்கிறேன், இது சரியில்ல, எனக்கு உடன்பாடில்ல. அவ்வளவுதான் சொல்ல நினைச்ச. கொஞ்சம் தரமான இங்கிலீஷ்ல எழுதுவோம் எண்டு..." என்றார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அந்தச் சொல்லெல்லாம் ஒங்கட நோட்ல இருந்ததுதானே சேர்."

இருந்ததுதான். அலுமாரியின் மேல்தட்டில் கிடந்த பழைய கோப்பிலிருந்து அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். ஒரே பக்கம், மூன்று கட்டங்கள். முதற் கட்டத்தில் விமர்சனத்துக்கும் கண்டனத்துக்குமான 16 சொற்கள். 'ரீபியூக்', 'ரெப்ரிமாண்ட்', 'சென்ஷர்', 'டினவுன்ஸ்', 'காஸ்டிகேட்', 'எக்ஸ்கோரியேட்' என்று நீளும். எதிரே தமிழ்க் கருத்து: கண்டித்தல், கடுமையாகக் கண்டித்தல், வன்மையாகக் கண்டித்தல், மேலே உள்ளதே. ஆம், நான்கு இடங்களில் 'மேலே உள்ளதே' என்று என் கையெழுத்தில் இருந்தது. இரண்டாவது கட்டம் ஏளனம். எல்லாவற்றுக்கும் 'இகழ்ச்சி, அவமதிப்பு'. மூன்றாவது கருத்து வேறுபாடு. எல்லாவற்றுக்கும் 'மறுத்தல்'.

அந்தப் பக்கத்தை எத்தனை வருடங்கள் எத்தனை பிள்ளைகளுக்கு போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்க விரும்பவில்லை. இன்றும் இதே மாதிரிப் பட்டியல்கள் வட்ஸ்அப் குழுமங்களில் சுற்றுகின்றன. உயர்தரத்தின் பொது ஆங்கிலம் இசட் புள்ளிக்குச் சேராது. ஆகவே அதில் நாங்கள் ஆசிரியர்கள் செய்யும் பிழை பரீட்சையில் தெரியவருவதில்லை. வேலைக்குப் போன பிறகு, மின்னஞ்சலில்தான் தெரியவருகிறது. எனவே அந்தப் பக்கத்தை இங்கே திருத்தி எழுதுகிறேன்.

முதலில் கண்டனச் சொற்கள். நாம் தமிழில் பேசும்போது இந்தப் பிழையை ஒருபோதும் விடமாட்டோம். 'ஏசினார்' என்பதற்கும் 'புத்தி சொன்னார்' என்பதற்கும் 'தூற்றினார்' என்பதற்கும் வித்தியாசம் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலத்திலும் அதே வித்தியாசம்தான் இருக்கிறது. யார், யாருக்கு, எங்கே வைத்துச் சொல்கிறார் என்பதில்தான் சொல் மாறுகிறது.

பரீட்சையில் குறைந்த புள்ளி எடுத்து வந்த மகனிடம் உம்மா சத்தம் போடாமல், "ஒன்னட்ட நான் இத எதிர்பாக்கல்ல மகன்" என்று சொன்னால், அது 'ரிப்ரோச்'. அதில் கோபத்தைவிடக் கவலை அதிகம். அன்பு இல்லாத இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை. மூத்தவர் ஒருவர் "இனி இப்படிச் செய்யாதே" என்று எச்சரிக்கையோடு புத்தி சொன்னால் 'அட்மொனிஷ்'. அதிகாரமுள்ளவர் முகத்துக்கு நேரே கடுமையாகச் சொன்னால் 'ரீபியூக்'. அதையே ஓர் அலுவலகம் கடிதத் தலைப்பில் எழுதி, கையொப்பமிட்டு, தனிப்பட்ட கோவையில் போட்டால் 'ரெப்ரிமாண்ட்'. என் மாணவருக்குக் கிடைத்தது அதுதான். என் நோட்டில் அது மூன்றாவது சொல்லாக இருந்தது என்பதை அவர் கவனித்தாரா தெரியாது, நான் கவனித்தேன். ஒரு சபை கூடி, பிரேரணை வைத்து, வாக்கெடுத்துக் கண்டித்தால் 'சென்ஷர்'. ஒரு தனி ஊழியர் தன் மேலாளரை 'சென்ஷர்' பண்ண முடியாது. அவர் என்ன பாராளுமன்றமா?

'டினவுன்ஸ்' என்பது இவற்றுக்கெல்லாம் வெளியே நிற்கிறது. அது பகிரங்கமாக, ஊரறிய, இந்த ஆள் அல்லது இந்தச் செயல் தீயது என்று அறிவிப்பது. சர்வாதிகாரியை, ஆக்கிரமிப்பை, இனப்படுகொலையை டினவுன்ஸ் பண்ணுவார்கள். கொள்கலன் தாமதத்துக்கு அந்தச் சொல் பொருந்தாது. தலைமை அலுவலகத்துக்குப் பிரதி போட்டதோடு, 'பகிரங்கமாக' என்ற அந்தப் பாகத்தையும் தம்பி தெரியாமலேயே நிறைவேற்றிவிட்டார்.

இன்னும் சில சொற்களுக்குள் ஒரு வன்முறை ஒளிந்திருக்கிறது. அவற்றின் பிறப்பைப் பார்த்தால் மறக்காது. 'எக்ஸ்கோரியேட்' லத்தீனில் தோலை உரித்தல். தோல் உராய்ந்து உரிந்த காயத்தை வைத்தியர்கள் இன்றும் 'எக்ஸ்கோரியேஷன்' என்றே எழுதுகிறார்கள். 'சார்காசம்' கிரேக்கத்தில் சதையைக் கிழித்தல் என்ற வினையிலிருந்து வந்தது. 'லாம்பாஸ்ட்' என்பதில் அடித்தல் என்று பொருள்படும் இரண்டு பழைய சொற்கள் ஒட்டியிருக்கின்றன. 'டெனிக்ரேட்' கறுப்பாக்குதல், அதாவது ஒருவர் பெயரில் கரி பூசுதல். 'விலிஃபை' மலிவாக்குதல். இதற்கு மாறாக 'காஸ்டிகேட்' என்பதன் வேரில் தூய்மை இருக்கிறது, திருத்துவதற்காகத் தண்டித்தல். 'கிரிட்டிசைஸ்' என்ற சாதாரணச் சொல்லோ, நீதிபதி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு உறவுள்ளது. பிரித்தறிந்து தீர்ப்புச் சொல்வதுதான் அதன் வேலை. எல்லாவற்றிலும் மெலிந்ததாகத் தோன்றும் சொல்தான் உண்மையில் நீதியான சொல் என்பது எனக்கு எப்போதும் சுவாரசியமான விடயம்.

அடுத்தது ஏளனம். என் நோட்டில் மிக மோசமான பகுதி இதுதான். ஒரு கல்யாண வீட்டை எடுத்துக்கொள்வோம். சஹன் வைத்து ஆறு பேர் சுற்றி உட்காரும் நேரம், கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் வாசலில் நின்று சஹனைப் பார்க்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. புருவம் மட்டும் சற்று மேலே போகிறது; தனிக் கதிரை தேடுகிறார். அது 'டிஸ்டேன்'. தகுதி என்ற லத்தீன் வேரின் மறுப்பு அது. இது என் தகுதிக்கு உரியதல்ல என்ற குளிர்ந்த பார்வை. ('சுப்பர்சிலியஸ்' என்றொரு சொல் இருக்கிறது, அதன் லத்தீன் மூலத்துக்குப் பொருளே புருவம்தான்.) அவர் "இதிலயெல்லாம் நான் இரிக்கமாட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னால் 'ஸ்கோர்ன்'. அது சூடானது, வெளிப்படையானது. பக்கத்தில் நின்றவர்களோடு சேர்ந்து நம்மைப் பார்த்துச் சிரித்தால் 'டெரிஷன்'. இந்த மனிதர்களுக்கு ஒரு பெறுமதியும் இல்லை என்று மனதில் முடிவு செய்துவிட்டால் 'கண்டெம்ப்ட்'.

நான்கும் 'இகழ்ச்சி'தான். ஆனால் முதலாவதை மன்னித்து அடுத்த கல்யாணத்துக்கும் அவரைக் கூப்பிடுவோம். நான்காவதுக்குப் பிறகு கூப்பிடமாட்டோம்.

'கண்டெம்ப்ட்' சட்டப் புத்தகத்திலும் இருக்கும் சொல். நீதிமன்ற அவமதிப்புக்கு ஆங்கிலத்தில் அதே சொல்தான். 2021 ஜனவரியில், அப்போது பாராளுமன்ற உறுப்பினராக இருந்த ரஞ்சன் ராமநாயக்கவுக்கு உயர் நீதிமன்றம் நான்கு வருட கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது அந்தக் குற்றத்துக்காகவே. 2024 இல் அதற்கெனத் தனிச் சட்டமும் நிறைவேற்றப்பட்டது. ஒரு மேலாளரின் மின்னஞ்சலை அந்தச் சொல்லின் பிள்ளையால் அழைத்தால், அதை வாசிப்பவருக்கு அது சாதாரண 'சரியில்லை' என்று கேட்காது. 'நீ மனிதனே இல்லை' என்பதற்குக் கிட்டத்தில்தான் கேட்கும்.

இனி மூன்றாவது கட்டம், கருத்து வேறுபாடு. இதில் நான் அதிக நேரம் செலவழிக்க விரும்புகிறேன். ஏனென்றால் நமக்கு நாளாந்தம் தேவைப்படுவது இதுதான்.

'டினை' என்றால் நான் செய்யவில்லை என்று மறுத்தல். ஆதாரம் தேவையில்லை, வாய் போதும். 'ரிபட்' என்றால் எதிர்வாதம் வைத்தல். 'ரிஃபியூட்' என்றால் பொய் என்று நிரூபித்தல். செய்திகளில்கூட இன்று இதை வெறும் மறுப்புக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. சில அகராதிகளும் அந்தப் பாவனையைக் குறிப்பிடுகின்றன. ஆனாலும் கவனமாக எழுதுபவர்கள் மத்தியில் அது இன்னும் பிழையாகவே பார்க்கப்படுகிறது. என் மாணவரின் விடயத்தில் வேதனை என்னவென்றால், அவரிடம் ஆதாரம் இருந்தது. திகதியும் நேரமும் தெளிவாக உள்ள அந்தப் பழைய மின்னஞ்சலை இணைத்திருந்தால், 'ரிஃபியூட்' என்ற சொல்லுக்கு அவர் முழுத் தகுதி பெற்றிருப்பார். இன்னும் சொல்லப்போனால், அதை இணைத்துவிட்டு அந்தச் சொல்லை எழுதாமலே விட்டிருக்கலாம். இணைப்பே பேசியிருக்கும். சொல்லை மட்டும் அனுப்பி, ஆதாரத்தைத் தன் இன்பொக்ஸில் வைத்துக்கொண்டார்.

'டிமர்' என்றொரு அழகான சொல் இருக்கிறது. முற்றாக மறுப்பதல்ல, தயங்கி, மரியாதையோடு, 'எனக்கு இதில் கொஞ்சம் யோசனை இருக்கிறது' என்று நிற்பது. லத்தீனில் தாமதித்தல் என்ற வினையிலிருந்து வந்தது. துறைமுகத்தில் நம் வியாபாரிகள் கட்டிப் புலம்பும் டெமரேஜும் அதே வேரில் பிறந்த சொல்தான். இதை அவருக்குச் சொன்னபோது முதல் தடவையாகச் சிரித்தார். "அப்ப நான் டிமர் பண்ணியிருக்கணும் சேர், டெமரேஜ் மாதிரி கொஞ்சம் பிந்தி" என்றார். எனக்குக்கூட அந்த விளக்கம் தோன்றியிருக்கவில்லை.

'ஒப்ஜெக்ட்' ஒரு முறையை, ஒரு செயலை எதிர்க்கும் சொல். 'டிஸ்பியூட்' ஒரு தகவலை, ஒரு கணக்கை ஏற்காத சொல்; பில்லில் தொகை பிழை என்றால் அதைத்தான் எழுத வேண்டும். 'டேக் இஷ்யூ வித்' என்பது இன்ன இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை என்று வட்டம் போட்டுக் காட்டுவது.

'டிசென்ட்' என்பது பெரும்பான்மை ஒரு பக்கம் நிற்கும்போது தனித்து மறுபக்கம் நிற்றல். சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் மாறுபட்ட தீர்ப்பு என்று படிப்பது இதைத்தான். இந்தச் சொல்லுக்கு நான் வகுப்பில் இப்போது சொல்லும் உதாரணம் ஒன்றுண்டு. அதில் கருத்து வேறுபாடும் ஏளனமும் ஒரே தாளில் இருக்கின்றன.

1941 ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர்க் காலம். ஒருவர் பகைத் தொடர்புடையவர் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் உள்துறை அமைச்சரிடம் இருந்தால், அவரை விசாரணையின்றித் தடுத்து வைக்கலாம் என்று பிரித்தானியாவில் ஒரு அவசரகால ஒழுங்குவிதி இருந்தது. அப்படித் தடுத்து வைக்கப்பட்ட லிவர்சிட்ஜ் என்பவர், அந்த நியாயமான காரணம் என்ன என்று கேட்டு வழக்குப் போட்டார். பிரபுக்கள் சபையில் ஐந்து நீதிபதிகள். அமைச்சர் தன்னிடம் காரணம் இருப்பதாக நினைத்தாலே போதும், நீதிமன்றம் அதை ஆராயாது என்றனர் நால்வர். அட்கின் பிரபு மட்டும் மறுத்தார். நியாயமான காரணம் இருப்பது வேறு, இருப்பதாக நினைப்பது வேறு என்றார்.

அதோடு நிறுத்தவில்லை. நான் சொல்லும் சொல்லுக்கு நான் நினைத்ததே அர்த்தம் என்று வாதிடும் ஹம்ப்டி டம்ப்டி என்ற சிறுவர் கதைப் பாத்திரத்தைத் தன் தீர்ப்பில் கொண்டுவந்து, சக நீதிபதிகளின் வியாக்கியானத்தை அதனோடு ஒப்பிட்டார். தீர்ப்பு வெளியாகும் முன்னரே சைமன் பிரபு அவருக்குக் கடிதம் எழுதி, அந்த உவமையை நீக்கிவிடும்படி வினயமாகக் கேட்டுக்கொண்டார். மாறுபட்ட தீர்ப்பை மாற்றும்படி அவர் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏளனத்தை மட்டும் எடுக்கச் சொன்னார். அட்கின் மறுத்துவிட்டார். சக நீதிபதிகளின் மனத்தாங்கல் நீண்டது. அந்த வழக்குக்குத் தலைமை தாங்கிய மோம் பிரபு பத்திரிகைக்கே கடிதம் எழுதினார்.

இதற்கு இலங்கையோடு ஒரு தொடர்பு இருக்கிறது. போருக்குப் பிந்திய வருடங்களில் நக்குடா அலி என்ற ஜவுளி வியாபாரியின் அனுமதிப்பத்திரத்தை ஜவுளிக் கட்டுப்பாட்டாளர் இரத்துச் செய்தார். அங்கேயும் ஒழுங்குவிதியில் இருந்தது கிட்டத்தட்ட அதே சொற்றொடர்: நம்புவதற்கு நியாயமான காரணங்கள். அக்காலத்தில் எமது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு வழக்குப் போனது. நக்குடா அலி தோற்றுவிட்டார், அது வேறொரு காரணத்துக்காக. ஆனால் அந்தச் சொற்றொடரைப் பொறுத்தவரை, காரணம் உண்மையில் இருக்க வேண்டும் என்று ரெட்கிளிஃப் பிரபு தீர்ப்பெழுதினார். அட்கினின் தனிக்குரலின் பக்கம் சட்டம் திரும்பத் தொடங்கியதை ஒரு ஜவுளிக் கடைக்காரரின் வழக்கில் காண்கிறோம். பின்னர் 1979 இல், டிப்லொக் பிரபு வேறொரு வழக்கில், 1941 இன் பெரும்பான்மை பிழை என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் எப்படிச் சொன்னார்? அந்தக் காலச் சூழலில் ஒருவேளை மன்னிக்கத்தக்க பிழை என்றார். ஒரு சொல்லில் பிழை என்று தீர்த்தார், இன்னொரு சொல்லில் மறைந்த மனிதர்களின் மரியாதையைக் காத்தார்.

அட்கினின் ஹம்ப்டி டம்ப்டி இல்லாவிட்டால் அந்தத் தீர்ப்பு இவ்வளவு பிரசித்தமாகியிருக்காது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கும் அதில் பாதி உடன்பாடுதான். சில வேளைகளில் ஏளனம் வேலை செய்கிறது. ஆனால் அட்கின் எந்தச் சொல் எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்துகொண்டு எழுதினார். எடுக்கச் சொன்னபோது யோசித்து மறுத்தார். என் மாணவருக்கு அந்த வாய்ப்பை நான் கொடுக்கவில்லை.

நீதிமன்றத்தைப் பற்றிச் சொன்னதால் ஒரு சின்ன விடயம். சட்டத்தரணிகளின் ஆங்கிலத்தில் 'வித் ரெஸ்பெக்ட்' என்றால் நீங்கள் சொல்வது பிழை என்று அர்த்தம். 'வித் கிரேட் ரெஸ்பெக்ட்' என்றால் பெரிய பிழை. 'வித் த கிரேட்டஸ்ட் ரெஸ்பெக்ட்' என்று ஆரம்பித்தால் நீதிபதிக்கே விளங்கிவிடும். கணக்காய்வில் இதைவிட வேடிக்கை. கணக்காய்வாளர் 'குவாலிஃபைட் ஒபினியன்' கொடுத்தார் என்று கேள்விப்பட்டு, தகுதியான சான்றிதழ் கிடைத்ததாக ஒரு சங்கத்தின் பொருளாளர் சந்தோஷப்பட்டதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கணக்குகளை முழுமையாக ஏற்க முடியாது, இன்னின்ன குறைகள் இருக்கின்றன என்பதுதான் அதன் பொருள். அதற்கு அடுத்த படி 'அட்வர்ஸ்'. கணக்கு உண்மை நிலையைக் காட்டவில்லை என்பது. 'டிஸ்கிளெய்மர்' என்றால் கருத்துச் சொல்லவே போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்பது. ஒரு திட்டு வார்த்தை கிடையாது. ஆனால் வங்கி முகாமையாளருக்கு எந்தத் திட்டைவிடவும் அது கேட்கும்.

இந்தப் பிழையை நானே விட்ட ஒரு நாளையும் சொல்லத்தான் வேண்டும். 2020 இன் கடைசிப் பகுதி. கொவிட் தொற்றில் மரணித்தவர்களின் ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊரில் ஒரு மகஜரை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். இரவிரவாக எழுதினேன். நித்திரை வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. 'பாபேரிக்', 'டெஸ்பிக்கபிள்', 'அபொமினபிள்' என்று என் நோட்டின் கனமான சொற்கள் அத்தனையும் அதில் இருந்தன. காலையில் ஓய்வுபெற்ற சட்டத்தரணி ஒருவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக வெட்டினார். எனக்குக் கோபம் வந்தது. "நடக்கிறது அப்படித்தானே, அந்தச் சொல்லுக்கு இத விடப் பொருத்தமான இடம் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"சொல் சரிதான் தம்பி," என்றார் அவர். "ஆனா இதை வாசிக்கிற அதிகாரி முதல் பந்தியிலேயே நீங்க அவரை ஏசுறீங்கண்டு நினைச்சா, நாலாவது பந்திக்கு வரமாட்டார். நம்மட விஷயம் நாலாவது பந்தியிலதான் இருக்கு."

நாலாவது பந்தியில் இருந்தது இதுதான்: உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே வெளியிட்ட வழிகாட்டலில் அடக்கமும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்றே இருந்தது, தொற்றுநோயால் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்பது உண்மையல்ல என்றும் அது தெளிவாகச் சொல்லியிருந்தது. அவர் அந்தப் பந்தியைத் தூக்கி முதலாவதாக வைத்தார். 'கான்ட்ரரி டு', அதாவது இன்னதுக்கு முரணானது என்ற ஒரு சாதாரணச் சொல்லை மட்டும் சேர்த்தார். கடைசியில் 'டீப்லி டிஸ்ட்ரெஸ்ட்' என்று ஒரே ஒரு இடத்தில் எங்கள் வேதனையை எழுத விட்டார். வாசித்துப் பார்த்தபோது, என் மூலப் பிரதியைவிட அது கடுமையாக இருந்தது. அந்த மகஜரால் எதுவும் மாறியது என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனையோ பேர் எத்தனையோ வழிகளில் போராடிய பிறகுதான் 2021 பெப்ரவரியில் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. அந்த மகஜரின் போட்டோகொப்பி, சிவப்புக் கோடுகளோடு, இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டும் என் நோட்டைத் திருத்தாமல் விட்டதுதான் எனக்கு வெட்கம்.

இப்போது வகுப்பில் கொடுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது. அந்தச் சொல் மனிதருக்கா, வாதத்துக்கா என்ற கேள்வி. 'அன்ஃபவுண்டட்' ஆதாரமற்றது; 'அன்டெனபிள்' நிலைநிற்காதது; 'ஃபிளோட்' குறையுள்ளது; 'ஸ்பீஷஸ்' மேற்பார்வைக்குச் சரி போலத் தோன்றி உள்ளே பொய்யானது. இவையெல்லாம் வாதத்துக்கு உரியவை. எவ்வளவு கூர்மையாகப் பாவித்தாலும் ஆள்மீது காயம் படாது. 'இக்னரன்ட்', 'டெஸ்பிக்கபிள்', 'கண்டெம்ப்டிபிள்' பெரும்பாலும் ஆள்மீதே போய் விழும். வெளிநாடு போக ஐஈஎல்டீஎஸ் எழுதும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அங்கே சொல்வளத்துக்குத் தனிப் புள்ளி இருப்பது உண்மை. ஆனால் அரிய சொல்லைப் போட்டதற்கு மட்டும் புள்ளி கிடையாது. பொருத்தமாகவும், அதற்குரிய துணைச்சொற்களோடும் போட்டிருக்க வேண்டும். ஒருவரை 'அக்கியூஸ்' பண்ணினால் பின்னால் 'ஒஃப்' வரும், 'சார்ஜ்' என்றால் 'வித்', 'பிளேம்' என்றால் 'ஃபோர்', 'கண்டெம்ப்ட்' என்றாலும் 'ஃபோர்'. கனமான சொல்லுக்குப் பின்னால் பிழையான சின்னச் சொல் வந்தால், பட்டியலைப் பாடமாக்கி எழுதியது பரீட்சகருக்குத் தெரிந்துவிடும்.

மாணவரின் கதைக்கு வருகிறேன். கண்டனக் கடிதத்துக்குப் பதில் கொடுக்க அவருக்கு ஏழு நாள் அவகாசம் இருந்தது. இருவரும் சூம் மூலம் இருந்து எழுதினோம். பழைய மின்னஞ்சலைத் திகதியோடு இணைத்தோம். பத்திரங்கள் பிந்தின என்பதை 'டிஸ்பியூட்' பண்ணுவதாக ஒரு வசனம். தான் பாவித்த சொற்கள் தேவைக்கு மேல் கடுமையானவை என்று ஒரு வசனம். அதற்கு 'ரிக்ரெட்' என்ற சொல்லை அவரே தெரிவு செய்தார். 'வித் ரெஸ்பெக்ட்' ஒரு தடவை மட்டும். மொத்தம் ஒன்பது வரிகள்.

நான்கு நாட்களுக்குப் பின்னர் மனிதவளப் பிரிவிலிருந்து பதில் வந்தது. கண்டனக் கடிதம் வாபஸ் பெறப்பட்டதாக அதில் இல்லை; வாபஸ் பெறப்படாது என்றும் இல்லை. ஒரே ஒரு சொல்தான் இருந்தது: 'நோட்டட்'.

அதையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பியிருந்தார். கீழே ஒரு கேள்வி. "சேர், இது எந்தக் கட்டத்துல வரும்?"